புது கேமிங் கம்ப்யூட்டருக்கு எந்த ப்ராசஸர்? – வாசகர் கேள்வி பதில்

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, வீட்டிலேயே கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைக்கும் கடலூர், புதுச்சேரி வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: பிளஸ் டூ முடித்த மகன் கேமிங் கம்ப்யூட்டர் கேட்கிறான். மானிட்டர் வீட்டில் இருக்கிறது. மற்றதற்கு ₹85,000 வரை எங்களால் முடியும். 'ஐ9 இல்லாவிட்டால் வேஸ்ட்' என்கிறான் அவன். இங்கே ஒரு கடைக்காரரோ ₹22,000-க்கே 'ஐ7 கேமிங் பிசி' தருவதாகச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு தாய், நெய்வேலி

பதில்: இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம் அம்மா. ஐ5, ஐ7, ஐ9 என்பவை இன்டெல் நிறுவன ப்ராசஸர்களில் ஒரே தலைமுறைக்குள் உள்ள படிகள்தான். எந்தத் தலைமுறை என்று தெரியாமல் வெறும் 'ஐ7' என்று சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. அந்த விலைக்கு வரும் ஐ7 பெரும்பாலும் ஏதோ ஆபீஸில் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டராக இருக்கும். முழு எண்ணையும் கேளுங்கள். ஐ7-4770 என்றால் 4-ஆம் தலைமுறை, 2013-இல் வந்தது. இன்டெலில் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர்களை, ஒரு சில விதிவிலக்கு தவிர, விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 2022-இல் வந்த ஐ3-12100எஃப், நான்கே கோர்களை (கணக்கிடும் பகுதிகளை) வைத்துக்கொண்டு 2017-இன் ஐ7-7700-ஐ கேமில் தாண்டிப் போகிறது. அந்த ₹22,000-க்குப் பச்சை விளக்கு எரியும் கேபினெட்தான் புதிதாக வரும்.

மகன் சொல்லும் ஐ9-14900கே நல்ல ப்ராசஸர்தான். 24 கோர், 32 த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசைகள்). ஆனால் இன்றைய கேம்களில் பெரும்பாலானவை 6 முதல் 8 வேகமான கோர்களுக்குள் வேலையை முடித்துக்கொள்கின்றன. மீதிக் கோர்கள் சும்மா இருக்கும். அது முழு மூச்சில் 253 வாட் வரை இழுக்கும் என்பதால் மதர்போர்டு, கூலர், எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) எல்லாமே ஒரு படி மேலே போயாக வேண்டும். ₹85,000-க்குள் அதை வாங்கினால் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பணம் மிஞ்சாது. கேமைத் திரையில் வரைவதே அந்தக் கார்டுதான்.

தேர்வை மானிட்டரிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (திரையில் அடுத்தடுத்து மாறும் ஒவ்வொரு படத்துக்கும்) எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பாய்கிறது, எந்தப் பொருள் திரைக்குள் வருகிறது என்று கணக்கிட்டு, வரைய வேண்டியவற்றைப் பட்டியலிட்டுக் கொடுப்பது ப்ராசஸரின் வேலை. பட்டியலைப் படமாக்குவது கார்டின் வேலை. 1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 2560×1440-இல் சுமார் 36.9 லட்சம். திரையில் புள்ளிகள் கூடினால் கார்டுக்குத்தான் சுமை ஏறும், ப்ராசஸருக்கு ஏறாது. ப்ராசஸரைத் திணறடிப்பது ஃபிரேம்களின் எண்ணிக்கை. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றையும் கணக்கிட 16.7 மில்லி செகண்ட் கிடைக்கும். 144 என்றால் 6.9 மட்டுமே.

ஆகவே வீட்டிலிருப்பது 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 ஃபிரேம் காட்டும்) மானிட்டராக இருந்தால் நடுத்தர ப்ராசஸரே தாராளம். 144 அல்லது 165 ஹெர்ட்ஸ் வைத்து வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி போட்டி கேம்கள் ஆடுவதானால் ப்ராசஸருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்கலாம். சைபர்பங்க் போன்ற கதை கேம்களை அழகு குறையாமல் ஆடத்தான் ஆசை என்றால் கார்டில் போடுங்கள்.

உங்கள் பட்ஜெட்டில் எங்கள் முதல் தேர்வு ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 7600. ஆறு கோர், 12 த்ரெட், 32 எம்பி எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்). கூலரும் பெட்டியிலேயே வரும். அதற்கு ஒரு பி650 மதர்போர்டு போதும். மொத்தப் பணத்தில் கார்டுக்கு 35 முதல் 40 சதவீதத்தை முதலில் ஒதுக்கிவிட்டுப் பிறகு மற்றதைப் பாருங்கள். ஒரே இடைஞ்சல் ரேம். ஏஐ சர்வர்களுக்காகத் தயாரிப்பாளர்கள் திசை திரும்பியதால் 2025 கடைசியில் ரேம் விலை மளமளவென்று ஏறியது. வாங்கப் போகும் அன்று 2×8 ஜிபி டிடிஆர்5 (7600 ஏற்கும் ரேம் வகை) விலையைக் கேட்டு, கட்டுப்படியாகவில்லை என்றால் முந்தைய வகையான டிடிஆர்4 எடுக்கும் பி760 போர்டும் ஐ5-12400எஃப்பும், அல்லது பி550 போர்டும் ரைசன் 5 5600-உம் எடுங்கள். வீட்டிலோ உறவினரிடமோ பழைய டிடிஆர்4 ரேம் 3200 வேகத்தில் கிடைத்தால் இந்த வழிதான் லாபம்.

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 5060 கிராஃபிக்ஸ் கார்டு வாங்க முடிவு செய்துவிட்டேன். ரைசன் 5 5600-ஆ, 7600-ஆ என்று குழப்பம். 'ஆறு கோர்தானே வேண்டும், 5500 எடு, இல்லை 5600ஜி எடு, இன்னும் மலிவு' என்கிறான் நண்பன்.
– கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: நண்பர் கோரை மட்டும் எண்ணிவிட்டார் தம்பி. 5600-இல் எல்3 கேஷ் 32 எம்பி. 5500, 5600ஜி இரண்டிலும் 16 எம்பிதான். கேமில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், முக்கியமாகக் கூட்டமான காட்சிகளில்.

அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. 5600 பிசிஐஇ (கார்டுக்கும் ப்ராசஸருக்கும் இடையிலான தரவுப் பாதை) 4.0 தருகிறது, 5500-உம் 5600ஜி-யும் 3.0-இல் நின்றுவிடும். ஆர்டிஎக்ஸ் 5060 அந்தப் பாதையில் எட்டு லேன்களை (தடங்களை) மட்டுமே பயன்படுத்தும் கார்டு. எட்டு லேனில் 4.0 என்றால் நொடிக்குச் சுமார் 16 ஜிபி போகும், 3.0 என்றால் சுமார் 8 ஜிபி. கார்டின் 8 ஜிபி நினைவகம் நிரம்பாதவரை எதுவும் தெரியாது. டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களை) ஏற்றி வைத்து அது வழியத் தொடங்கியதும், மீதித் தரவு இந்தப் பாதை வழியாகத்தான் ரேமுக்கும் கார்டுக்கும் போய்வர வேண்டும். அப்போதுதான் கேம் வெட்டி வெட்டி ஓடும். மதர்போர்டிலும் இதே கவனம் தேவை. பி550 கார்டுக்கு 4.0 தரும், ஏ520-உம் பி450-உம் 3.0 மட்டுமே. 5600-ஐ வாங்கி ஏ520 போர்டில் போட்டால் காசு கொடுத்து வாங்கிய பாதையை நீங்களே பாதியாக்கிக்கொள்கிறீர்கள்.

இனி 5600-ஆ 7600-ஆ? 7600 வேகமானது. ஆனால் அதைத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல காரணம் சாக்கெட், அதாவது போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம். 5600-இன் சாக்கெட்டான ஏஎம்4 தன் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. அதில் கேமுக்கு மிகச் சிறந்தவையான 5800எக்ஸ்3டி, 5700எக்ஸ்3டி இரண்டின் தயாரிப்பும் நின்றுவிட்டது. 7600-இன் சாக்கெட்டான ஏஎம்5-ஐ 2027 வரையும் அதற்குப் பிறகும் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்று 7600 போட்டு, மூன்று நான்கு ஆண்டு கழித்துப் போர்டையும் ரேமையும் மாற்றாமல் கூடுதல் கேஷ் உள்ள எக்ஸ்3டி ப்ராசஸர் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டரை ஐந்தாறு ஆண்டு வைத்திருப்பவர் 7600 எடுக்கட்டும். படிப்பு முடியும் வரை ஓடினால் போதும், மிச்சப் பணத்தில் கார்டை 5060 டிஐ-யின் 16 ஜிபி மாடலுக்கு உயர்த்த முடியும் என்றால் 5600-உம் பி550-உம் நல்ல முடிவு.

7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி ஆகியவற்றின் 96 எம்பி கேஷ் உண்மையிலேயே கேமுக்காக அமைந்தது. என்றாலும் 5060-உடன் அதைச் சேர்த்தால் பெரும்பாலான கேம்களில் கார்டுதான் முதலில் மூச்சு வாங்கும்.

கேள்வி: கம்ப்யூட்டர் பாகங்கள் பாண்டியில் வாங்கினால் வரி குறைவு என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், கடலூர் புதுப்பாளையம்

பதில்: ஜிஎஸ்டிக்கு முந்தைய காலத்துப் பேச்சு அது. 2017 ஜூலைக்குப் பிறகு கடலூரிலும் புதுச்சேரி நேரு வீதியிலும் சென்னை ரிச்சி தெருவிலும் ப்ராசஸருக்கு ஒரே 18 சதவீதம்தான். விலை வித்தியாசம் இருந்தால் அது கடைக்காரரின் லாபத்தில் உள்ள வித்தியாசம், அல்லது பெட்டியில் உள்ளது. 'ட்ரே' என்று சொல்லிப் பெட்டி இல்லாமல் தருவதில் கூலர் இருக்காது. வாரண்டியும் அந்தக் கடைக்காரர் தருவதுதான். பெட்டியோடு வருவதற்கு நிறுவனத்தின் 3 ஆண்டு வாரண்டி உண்டு. பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள்.

கேள்வி: வீடு கடலூர் முதுநகரில், கடலுக்குப் பக்கம். மே மாதம் அறையில் அனல் பறக்கும், ஏசி கிடையாது. 7600-உடன் வரும் கூலர் தாங்குமா? லிக்விட் கூலர் போடச் சொல்கிறார்கள்.
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: தாங்கும். 7600-இன் பெயரளவு 65 வாட். அதிகபட்சமாக 88 வாட் வரை எடுக்கும். ப்ராசஸர் வெப்பம் என்பது அறை வெப்பத்துக்கு மேல் ஏறுவது. டிசம்பரில் 70 டிகிரி காட்டும் கம்ப்யூட்டர் அறை 37 டிகிரிக்குப் போகும் மே மாதத்தில் 80-ஐத் தாண்டினால் பயப்பட வேண்டியதில்லை. இதன் எல்லை 95. எல்லையைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்தச் சின்ன கூலரின் குறை சத்தம்தான். சத்தம் பிடிக்காவிட்டால் நான்கு ஹீட் பைப்பும் 120 மிமீ ஃபேனும் உள்ள டவர் கூலர் ஒன்று போதும். இந்த ப்ராசஸருக்கு லிக்விட் கூலர் வீண் செலவு. பம்ப் என்று பழுதாக இன்னொரு பாகம் கூடுகிறது, அவ்வளவே. 9600எக்ஸ் வாங்கினால் பெட்டியில் கூலர் வராது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பணத்தைக் கேபினெட்டில் போடுங்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்தது பார்க்க அழகாக இருக்கும், காற்றுதான் போகாது. முன்பக்கம் வலை உள்ளதாகப் பார்த்து, முன்னால் உள்ளிழுக்க இரண்டு ஃபேன், பின்னால் வெளியே தள்ள ஒன்று வையுங்கள். கூலர் மாட்டும்போது அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பவர்கள் ஏராளம். ஆன் செய்த இரண்டு நிமிடத்தில் 95-ஐத் தொட்டால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். 7600-இன் கூலரில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் ஏற்கெனவே பூசியிருக்கும், மேலே இன்னொரு கோட்டிங் வேண்டாம். தனி கூலருக்கு ப்ராசஸரின் நடுவில் பட்டாணி அளவு ஒரு பொட்டு, நான்கு மூலைக்கும் மிளகளவு ஒவ்வொன்று.

உப்புக்காற்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதுநகரில் வெயிலைவிட அதுதான் எதிரி. கூலரின் அலுமினியத் தகடுகளில் வெள்ளைப் பொடி பூக்கும், திருகுகள் துருவேறும், ரேமின் தங்க முலாம் பூசிய விளிம்பில் ஈரமும் தூசியும் படிந்தால் திடீரென்று ஒருநாள் திரை வராது. கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே கேபினெட்டை வைக்காதீர்கள். தகடும் பைப்பும் நிக்கல் பூச்சு உள்ள கூலராகத் தேடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பயன்படுத்தாவிட்டாலும் தினமும் அரை மணி நேரம் ஓட விடுங்கள். உள்ளே கொஞ்சம் சூடேறினாலே ஈரம் தங்காது. துணி மூடுவதானால் ஆஃப் செய்து ஆறிய பிறகு மட்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரைசன் 5 9600எக்ஸ், பி650 போர்டு, 2×16 ஜிபி டிடிஆர்5 வாங்கி எல்லாவற்றையும் பூட்டிவிட்டேன். ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. போர்டில் 'டிராம்' என்ற இடத்தில் விளக்கு எரிகிறது. ப்ராசஸர் போய்விட்டதா?
– வாசகர், வில்லியனூர்

பதில்: புது ப்ராசஸர் செத்து வருவது மிக அபூர்வம். கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான்.

முதலில் பொறுமை. டிடிஆர்5 ரேம் முதல் தடவை மின்சாரம் பெறும்போது, எந்த வேகத்தில் எந்த நேர இடைவெளியில் பேசுவது என்று போர்டும் ரேமும் சோதித்துப் பழகும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும், அந்த விளக்கும் எரியும். சில நிமிடங்கள் ஆகும். 15 நிமிடம் வரை விட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் பயந்து ஆஃப் செய்தால் அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

அப்படியும் வரவில்லை என்றால் ரேம் எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் இருக்க வேண்டும். ஒன்றைக் கழற்றிவிட்டு, மற்றதை இரண்டாவதில் மட்டும் 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி முயலுங்கள். போர்டின் மேல் இடது மூலையில் உள்ள 8 பின் 'சிபியு' பவர் போட்டிருக்கிறதா? 24 பின் மட்டும் போட்டாலும் ஃபேன் சுற்றும், ஆனால் கம்ப்யூட்டர் எழாது. அந்த இடத்துக்கு 4+4 எனப் பிரியும் கேபிள். 6+2 எனப் பிரிவது கார்டுக்கானது, அதை இங்கே அழுத்தித் திணிக்கக் கூடாது. கார்டு போட்டிருந்தால் எச்டிஎம்ஐ கேபிள் போர்டில் இல்லாமல் கார்டில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் சரி என்றால் உங்கள் விஷயத்தில் போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ்தான் வலுவான சந்தேகம். பி650 போர்டுகள் 2022-இல் வரத் தொடங்கியவை. 9600எக்ஸ் வந்தது 2024 ஆகஸ்டில். கடையில் நாள்பட்டு இருந்த போர்டு என்றால் அதன் பயாஸுக்கு உங்கள் ப்ராசஸரை அடையாளம் தெரியாது. பெட்டியில் 'ரைசன் 9000 ரெடி' என்ற ஸ்டிக்கர் இல்லையா? அப்படியானால் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 32 ஜிபி அல்லது அதற்குக் குறைவான பென்டிரைவை ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்து, போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து புது பயாஸை இறக்கி, கையேட்டில் சொன்ன பெயருக்கு மாற்றிப் போடுங்கள். அதற்கென்று குறித்திருக்கும் யுஎஸ்பி ஓட்டையில் செருகி, கம்ப்யூட்டரை ஆன் செய்யாமல் எஸ்எம்பிஎஸ் ஸ்விட்சை மட்டும் போட்டு, பொத்தானைச் சில நொடி அழுத்துங்கள். விளக்கு மினுக்கத் தொடங்கும். நிற்கும்வரை கை வைக்கக் கூடாது. நடுவில் கரன்ட் போனால் வம்பு, ஆகவே யுபிஎஸ்ஸில் செருகிச் செய்யுங்கள். பொத்தான் இல்லாத போர்டு என்றால், ஏற்கெனவே ஏற்கும் 7600 போன்ற ப்ராசஸரை வைத்து அப்டேட் செய்துதரக் கடைக்காரரைக் கேளுங்கள்.

அதிலும் தீரவில்லை என்றால் ப்ராசஸரைக் கழற்றி சாக்கெட்டைப் பாருங்கள். ஏஎம்5-இல் 1,718 பின்களும் போர்டில் இருக்கின்றன. செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் எல்லா நுனிகளும் வரிசையாக ஒரே மாதிரி மின்னும். வளைந்த பின் இருக்கும் இடத்தில் அந்த வரிசை மட்டும் கலைந்து தெரியும். விரலால் தொடாதீர்கள்.

திரை வந்தபின் பயாஸில் 'எக்ஸ்போ'வை ஆன் செய்ய மறக்க வேண்டாம். 6000 வேகத்துக்குப் பணம் கொடுத்த ரேம், அதைச் செய்யாவிட்டால் பெரும்பாலும் 4800-இலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். இரவில் கொஞ்சம் கேம். பழைய ஆர்டிஎக்ஸ் 3060 இருக்கிறது. 'எஃப்' போட்ட இன்டெல் எடுத்து மிச்சம் பிடிக்கலாமா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: உங்களுக்கு 'எஃப்' வேண்டாம். எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. கேம் மட்டும் ஆடுபவருக்கு அது இழப்பே அல்ல, உங்களுக்கு இழப்பு. இன்றைய கேமராக்கள் பல 10 பிட் 4:2:2 எச்265 என்ற வீடியோ வடிவத்தில் பதிகின்றன. அதை 3060 வன்பொருளில் விரிக்காது. என்விடியா அந்த வசதியை ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் கொண்டுவந்தது. இன்டெலின் உள் கிராஃபிக்ஸ் 11-ஆம் தலைமுறையிலிருந்தே செய்கிறது. எஃப் இல்லாத ஐ5-14500 உங்களுக்குப் பொருத்தம்: 14 கோர், 20 த்ரெட், யுஎச்டி 770 உள் கிராஃபிக்ஸ். கார்டு போட்டதும் சில போர்டுகள் உள் கிராஃபிக்ஸை அணைத்துவிடும். பயாஸில் 'ஐஜிபியு மல்டி மானிட்டர்' என்பதை ஆன் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஐ5-13600கே செகண்ட் ஹேண்டில் மலிவாக வருகிறது. எடுக்கலாமா?
– வாசகர், சிதம்பரம்

பதில்: பில் இருந்தால் மட்டும். 13, 14-ஆம் தலைமுறையின் உயர் மாடல்களில் மின்னழுத்தக் கோளாறால் ப்ராசஸர் மெல்ல மெல்லச் சீரழிந்ததை 2024-இல் இன்டெல் ஒப்புக்கொண்டது. 13600கே அந்தப் பட்டியலில் உண்டு. 0எக்ஸ்129, 0எக்ஸ்12பி என்று அடுத்தடுத்து மைக்ரோகோடு (ப்ராசஸரின் அடிப்படை மென்பொருள்) திருத்தங்கள் வந்தன. அவை சேதம் நேராமல் தடுக்கும். நேர்ந்த சேதத்தைச் சரிசெய்யாது. பெட்டியோடு விற்றவற்றுக்கு வாரண்டியை மேலும் 2 ஆண்டு கூட்டி 5 ஆக்கியிருக்கிறார்கள். அதனால்தான் பில் முக்கியம். விற்பவர் வீட்டிலேயே அன்ரியல் எஞ்சினில் செய்த கேம் ஒன்றைத் திறந்து ஷேடர் (ஒளி, நிழலை வரையும் சிறு நிரல்கள்) தயாராகும்வரை பாருங்கள். கார்டில் நினைவகம் நிறைய இருக்கும்போதே 'வீடியோ மெமரி போதவில்லை' என்று கேம் மூடிக்கொண்டால், அது இந்தச் சேதத்தின் பரவலான அறிகுறி, வாங்காமல் வந்துவிடுங்கள். 12-ஆம் தலைமுறைக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

கேள்வி: 7600-உம் ஆர்டிஎக்ஸ் 5060-உம் வைத்தால் 600 விஏ யுபிஎஸ் போதுமா? எங்கள் பக்கம் கரன்ட் அடிக்கடி போய் வரும்.
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: போதாது. ப்ராசஸர் 88, கார்டு 145, போர்டு, ரேம், ஃபேன் சேர்த்து 50, மானிட்டர் 30. எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவதையும் கூட்டினால் கேம் ஓடும்போது 340 வாட்டை நெருங்கும். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். விளிம்பிலேயே நிற்பதால், கரன்ட் போன நொடியில் கேம் ஓடிக்கொண்டிருந்து சுமை சற்றே கூடினாலும் அதுவும் சேர்ந்து அணையும். பெட்டியில் விஏ எண்ணைவிட்டு வாட் எண்ணைப் பார்த்து, 600 வாட் அளவில் உள்ள 1,100 விஏ எடுங்கள். அது கேமை முடித்து ஒழுங்காக ஷட் டவுன் செய்வதற்கு மட்டும். தொடர்ந்து ஆடுவதற்கு அல்ல. வீட்டு இன்வெர்ட்டரில் போடுவதாக இருந்தால் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும், பின்னால் உள்ள ஸ்விட்ச் 'யுபிஎஸ்' பக்கம் இருக்க வேண்டும். கேபினெட்டின் திருகைத் தொடும்போது விரலில் சுருக்கென்றால் எர்த் சரியில்லை. புது ப்ராசஸரை அந்த பிளக்கில் மாட்டுவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்துவிடுங்கள்.